மாத்துக் கோமணம்

டேய் மவனே, அந்த போனைக் கொஞ்சம் கீழ வை. உங்கப்பனுக்கு இடுப்புல கட்டத் துணி டயாப்பர் வாங்கணும், பெரியப்பன் யோசனை சொல்லணும்னு வந்தே. வந்த நேரத்துலேர்ந்து படமாக் காட்டிக்கினு இருக்கே. நீலக் கலராம், சாம்பல் கலராம், மூங்கில் நாராம், அஞ்சு அடுக்காம், ஏழு அடுக்காம். வெள்ளக்காரன் ஒருத்தன் அத்தப் போட்டுக்கினு பல்லெல்லாம் தெரிய சிரிக்கிறான். மூத்திரத்துணி கட்டிக்கினு அம்மாம் சந்தோசமா இருக்கறவன இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவுல நான் பாத்ததில்ல. எனக்கே அந்தச் சிரிப்பு வரல.

என்னா முழிக்கிறே? ஆமாம், எனக்கேதான். இந்தத் திண்ணையில குந்திக்கினு உங்கிட்ட ஞாயம் பேசறேனே, வேட்டிக்குள்ள என்னா கட்டியிருக்கேன்னு உனக்குத் தெரிஞ்சுதா? தெரியலல்ல. நல்ல துணின்னா அதான் லட்சணம். அந்தக் கம்பெனிக்காரன் இத்த எழுதியிருக்கானா பாரு. எழுதியிருக்க மாட்டான். அவனுக்குக் கலர் கணக்குதான்.

உங்கப்பன் கட்டமாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்றானா? பண்ணுவான். அவனுக்கு ஒரு கதை சொல்லு. 1961 மே 5ஆம் தேதி, அமெரிக்காக்காரன் ஆலன் ஷெப்பர்டை ராக்கெட்டு உச்சியில படுக்க வச்சுப் பூட்டிட்டானுங்க. கால் மணி நேரப் பயணம்தானே, ஒண்ணுக்கு வந்தா என்னா பண்றதுன்னு அம்மாம் படிச்சவனுங்கள்ள ஒருத்தனும் யோசிக்கல. கெளம்பறதுக்கு முன்ன தடங்கல் மேல தடங்கல். மணிக்கணக்கா மல்லாக்கக் கெடந்த மனுசன் தாங்கமுடியாம, கேட்டுக்கினுதான், உடுப்புலயே போயிட்டான். அந்த ஈரத்தோடதான் வானத்துக்கு ஏறினான். வந்து எறங்கினப்ப ஊரே கை தட்டுச்சு. இன்னிக்கும் விண்கலத்துக்கு வெளிய மெதந்து வேலை பாக்கறவன் உடுப்புக்குள்ள டயாப்பர் உண்டு. உங்கப்பன் ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரத்துக்கு வெக்கப்படறான்.

ஜப்பான்ல ஓஜின்னு பெரிய காகிதக் கம்பெனி. 2024ல அவன் என்னா சொன்னான் தெரியுமா? உள்ளூர்ல இனிமே கொழந்தை டயாப்பர் செய்யமாட்டேன், பெரியவங்களுக்குத்தான்னுட்டான். கொழந்தை கொறைஞ்சு போச்சு, கெழவன் கூடிப்போயிட்டான். நம்ம தமிழ்நாட்லயும் 2011 கணக்கெடுப்புலயே நூத்துக்குப் பத்து பேரு அறுபதைத் தாண்டினவங்க. அப்புறம் நாங்கள்லாம் சேந்தது கணக்குல வரல. ஆவ, கட்டப்போறவங்க கூட்டம் பெரிசு, மவனே. உன் முறையும் வரும். அளவு இப்பவே எடுத்து வச்சுக்கோன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா துணிக்கடைக்கு முன்ன ஆஸ்பத்திரி. நீ படிச்சவனாச்சே, உனக்குத் தெரியாததா? தெரியும், ஆனா போன்ல வாங்கறது சுளுவு. ஆம்பளைக்கு வயசானா புராஸ்டேட்டுன்னு ஒரு சுரப்பி வீங்கி வழிய அடைக்கும். உள்ள பை ரொம்பி நிக்கும், வெளிய சொட்டுச் சொட்டா ஒழுவிக்கினே இருக்கும். பாக்கறவன் 'ஒழுவுதுபா, டயாப்பர் கட்டு'ம்பான். கட்டினா சொட்டு தெரியாது, உள்ள கிட்னி கெட்டுக்கினு இருக்கும். சக்கரையா இருக்கலாம். மூத்திரப் பாதையில கிருமியா இருக்கலாம். நாலு நாளா வெளிக்குப் போவாம அடைச்சுக்கினு இருந்தாலும் ஒழுவும். ரத்தக்கொதிப்புக்குக் குடுத்த நீர் மாத்திரைய ராத்திரி முழுங்கிட்டுப் படுத்தாலும் மெத்தை நனையும். பொம்பளைங்களுக்கு நாலு புள்ள பெத்த ஒடம்பு, இருமினா தும்மினா வருது. அதுக்கு மூத்திரத்த அடக்கற தசைய இறுக்கி இறுக்கி விடற பயிற்சி இருக்கு. கெகெல்னு ஒரு டாக்டரு 1948லயே எழுதி வச்சுட்டாரு. நம்ம பொம்பளைங்க யாருகிட்டயும் சொல்லாம, வெளியூரு கல்யாணத்துக்குப் போறத விட்டுட்டு வூட்டோட குந்திட்டாங்க. திடீர்னு காலு மரத்துப்போயி கட்டுப்பாடு போச்சுன்னா அன்னிக்கே ஓடணும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி 1965லேர்ந்து காலேஜோட நிக்குது. அங்க ஒரு தரம் காட்டிட்டு வா, அப்புறம் கலர் பாக்கலாம்.

இன்னொண்ணு. ஒழுவுதேன்னு உங்கம்மா அவனுக்குத் தண்ணிய நிறுத்தியிருப்பா. நிறுத்தாதே. தண்ணி கொறைஞ்சா மூத்திரம் திக்காயி, எரிச்சலாயி, இன்னும் அடிக்கடி வரும். ரெண்டு மணிக்கொரு தரம் அவன் கேக்காமயே இட்டுக்கினு போயி குந்த வை. ராத்திரிக்குக் கட்டில் பக்கத்துல யூரின் பாட்டில் ஒண்ணு தொங்க விடு. வலது பக்கம்தானே அவனுக்கு வராமப் போச்சு? பீச்சாங்கைப் பக்கமாத் தொங்க விடு. எவ்வளவு பாட்டிலுக்குப் போவுதோ, அவ்வளவு துணி மிச்சம்.

சரி, துணியா, தூக்கிப் போடறதான்னு கேட்டே. கணக்கு நீயே போடு. கடையில விக்கிற பெரியவங்க டயாப்பர் ஒண்ணு 35 ரூபான்னே வச்சுக்கோ. நாளைக்கு மூணு. மாசத்துக்கு 3,150 ரூபா. 2023ல முதியோர் பென்சன் 1,200 ரூபா ஆச்சு. சர்க்காரு குடுக்கற பென்சன் பன்னெண்டாம் தேதிக்குள்ள குப்பையில சேந்துடும். நீ சிறுசேரியில கம்ப்யூட்டர் தட்டறே, உனக்குத் தாங்கும். பக்கத்துத் தெருவுல வலை பின்னறவனுக்குத் தாங்குமா? அவன் என்னா பண்றான் தெரியுமா? நாளைக்கு மூணு மாத்தறத ஒண்ணாக்கிடறான். காலையில கட்டினத ராத்திரி வரைக்கும் வச்சுக்கறான். 'பன்னெண்டு மணி நேரம் தாங்கும்'னு பையில போட்டிருக்கானாம். தாங்கறது டயாப்பரு, தோலு தாங்குமாடா? ஆவ, கையில காசு சுருங்கினவனுக்குத் துணிதான் நாணயம். உனக்கும் துணி நல்லதுதான். ஆனா உன் காரணம் வேற, அவன் காரணம் வேற. ரெண்டு பேரும் ஒரே துணிய வாங்கணும்னு இல்ல.

இப்ப எத்தினி வாங்கறதுன்னு கேப்பே. போன்ல மூணு சேத்து எடுத்தா தள்ளுபடின்னு போட்டிருக்கான், நீயும் மூணுல நிக்கிறே. உனக்கு அமர்நீதி நாயனாரு கதை தெரியுமா? சேக்கிழார் எழுதினது. குன்றத்தூர்க்காரரு, பழைய செங்கல்பட்டு ஜில்லா, நம்மாளுதான். அமர்நீதி பழையாறையில துணி யாவாரி. அடியாருக்குக் கோமணம் குடுக்கறது அவரு தர்மம். சிவபெருமான் பிரம்மச்சாரி வேசத்துல, தண்டத்துல ரெண்டு கோமணத்தக் கட்டிக்கினு வந்தாரு. ரெண்டு பாரு, கடவுளே மாத்து இல்லாம வெளிய கெளம்பல. அதுல ஒண்ணை அவருகிட்டக் குடுத்து, 'மழை வந்தா நனைஞ்சு போவேன், இத்தக் காஞ்சதா வச்சிரு, குளிச்சுட்டு வரேன்'னுட்டுப் போனாரு. திரும்பி வரப்ப மழை. ஈரத்தோட நின்னு காஞ்சதக் கேட்டா, வச்ச எடத்துல காணோம். இன்னொண்ணுக்கு எடைக்கு எடை துணி குடுன்னு தராசு கட்டினாரு. கடையிலிருந்த துணியெல்லாம் ஏத்தியும் தட்டு எறங்கல. கடைசியில நாயனாரு பொண்டாட்டி புள்ளையோட தட்டுல ஏறி நின்னாரு. பக்திக் கதைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. இருக்கட்டும். மழைக்காலத்துல காஞ்ச துணி ஒண்ணு இல்லன்னா ஒரு குடும்பமே தராசுல ஏறணும்னுதான் என் காதுல விழுவுது.

நம்ம பக்கம் மழை எப்படின்னு உனக்குச் சொல்லணுமா? 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் இங்க மாமல்லபுரத்துக்கிட்டதான் கரை ஏறுச்சு. அடுத்த வருசம் அதே டிசம்பர்ல மிக்ஜாம். கரண்டு இல்ல, வெயில் இல்ல, மொட்டை மாடியில குளம். அந்த மாதிரி நாளுல உன் மூணு டயாப்பர வச்சுக்கினு என்னா பண்ணுவே? நாளைக்கு நாலு மாத்துன்னா, கட்டறதுக்கு நாலு, துவைக்கிறதுல நாலு, கொடியில காயறது நாலு. பன்னெண்டு ஆச்சா? ஐப்பசி கார்த்திகைக்குன்னு இன்னொரு நாலு. பதினாறு. பயப்படாதே, பதினாறும் முழு டயாப்பர் இல்ல. உள்ள வைக்கிற மடிப்புத்துணிதான் பதினாறு. மேல மாட்டற தண்ணி புகாத ஜட்டி நாலு போதும். மலம் படலன்னா ஜட்டிய ஈரத்துணியால தொடைச்சுட்டு, உள்துணிய மட்டும் மாத்தி மறுபடி மாட்டலாம். எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துத் தைச்சதுன்னு ஒரு வகை விக்கிறான் பாரு, அத்த வாங்காதே. மாட்டறதுக்குச் சுளுவு, காயறதுக்கு ரெண்டு நாளு.

தையல் எப்படின்னு பாரு. மதுராந்தகம் ஏரிக்கரைய ராமர் காத்த கதை கேட்டிருப்பே. பிளேஸ் துரைன்னு ஒரு கலெக்டரு, வருசா வருசம் கரை உடையுதேன்னு பயந்துக்கினு போயிப் பாத்தா, வில்லும் கையுமா ரெண்டு பேரு கரை மேல நின்னாங்கன்னு சொல்லுவாங்க. நடு ஏரியில எவ்வளவு தண்ணி நின்னாலும் கவலை இல்ல, உடையறது ஓரத்துலதான். இதுவும் அப்படித்தான். ஏழு அடுக்கு நடுவுல வச்சுத் தைச்சு, தொடை ஓரத்துல எலாஸ்டிக் தளர்ந்துதுன்னா அத்தனையும் மெத்தைக்குத்தான். ராமரு வந்து உன் கட்டில்ல நிக்க மாட்டாரு. அதால தொடை ஓரம் ரெண்டு விரல் போறாப்ல இறுக்கமா, ஆனா செவந்த தழும்பு விழாம இருக்கணும். இடுப்பளவு மட்டும் எடுத்தா ஆவாது, புட்டத்தளவும் தொடையளவும் எடுக்கணும். பெரிசா இருந்தா வசதின்னு நெனைக்காதே, பெரிசுதான் ஒழுவும். நனைஞ்ச துணி கனம் வேற. முந்நூறு மில்லி போனான்னா கிட்டத்தட்ட முந்நூறு கிராம் தொங்கும். இடுப்புப் பட்டி சரியில்லன்னா முழங்காலுக்கு வந்துடும்.

எழுந்து நடக்கறவனுக்கு ஜட்டி மாதிரி இழுத்து மாட்டறது நல்லது, அவனே கழட்டிக்கலாம், மானமும் மிச்சம். உங்கப்பன் பாதி நாளு படுக்கையில. அவனுக்கு ரெண்டு பக்கமும் தெறக்கறதுதான் சரி. காலைத் தூக்கி மாட்டறேன்னு உங்கம்மா முதுகை ஒடைச்சுக்கக் கூடாது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வேணுமா, பிரஸ் பட்டன் வேணுமான்னு கேட்டா, ஒரு கை வராதவனுக்கு ஒட்டுப்பட்டை. ஆனா அது நாளாக நாளாக நூலும் மயிரும் புடிச்சுக்கினு ஒட்டாது, துவைக்கறப்ப மடிச்சு ஒட்டிட்டுத்தான் போடணும். பட்டன் ரொம்ப வருசம் வரும், ஆனா படுத்திருக்கறவன் இடுப்பெலும்பு மேல பட்டன் அழுத்தினா அங்கயே புண்ணு. பட்டன் முன்பக்கமா இருக்கறதாப் பாரு. மடிப்புத்துணிய எங்க கனமா வைக்கணும்னு கம்பெனிக்காரன் சொல்ல மாட்டான், நான் சொல்றேன். ஆம்பளைக்கு முன்னால, பொம்பளைக்கு நடுவுல, மல்லாக்கப் படுத்தா பின்னால. அதனாலதான் தனியா எடுத்து வைக்கிற துணி நல்லதுங்கறேன்.

என்னாத் துணின்னு அடுத்த சண்டை. சதுரங்கப்பட்டினத்துல டச்சுக்காரன் கோட்டை கட்டிக் குந்திக்கினு, நம்ம நெசவாளி நெஞ்ச மெல்லிசுத் துணிய கப்பல் கப்பலா ஏத்திப் பணம் பாத்தான். அந்த மெல்லிசு ஒரு சுத்துக்கு ஆவாது, ஆனா எட்டா மடிச்சா பிரமாதம். உங்கப்பனோட பழைய வேட்டி எத்தினி பீரோவுல கெடக்குது? பருத்தி வேட்டியான்னு பாரு, அரசியல்காரன் கட்டற பாலியஸ்டர் வேணாம். மடிச்சு வச்சா உறிஞ்சும், பிரிச்சு ஒதறிப் போட்டா ஒத்தை மடிப்புல அரை நாளுல காயும். மழைக்காலத்துக்கு அதான் ராஜா. நடுவுல டர்க்கி டவல் ஒரு துண்டு வெட்டி வை. திருப்பூர் பனியன் துணி வெட்டு மலிவாக் கெடைக்கும், அதுவும் நல்லா குடிக்கும். மூங்கில் நாருன்னு வெலை ஏத்தறானே, மூங்கிலக் கூழாக்கி மருந்து போட்டு இழுத்த நூலுதான் பெரும்பாலும் அது. நல்லா உறிஞ்சும், இல்லன்னு சொல்லல. ஆனா மூங்கில் தோப்புக்குள்ள குந்தியிருக்கற சொகம் வரும்னு நெனைச்சுக்காதே. காரு தொடைக்கிற மைக்ரோஃபைபர் இருக்கே, அது சட்டுனு உறிஞ்சும். தோலுல நேராப் பட்டா தோலோட ஈரத்தையும் உறிஞ்சி வறட்டிப்புடும். அமுக்கினா கக்கிடும் வேற. வைக்கிறதுன்னா பருத்திக்கு அடியில வை. தோலுக்கு மேலால ஒரு மெல்லிசு ஃப்ளீஸ் துணி போட்டா ஈரம் கீழ எறங்கி மேல காஞ்சாப்ல இருக்கும்.

வாங்கின அன்னிக்கே கட்டிட்டு ஒழுவுதுன்னு கம்பெனிக்காரனைத் திட்டாதே. புதுத் துண்டு என்னிக்காவது தண்ணி குடிச்சிருக்கா? பருத்தியில ஒரு மெழுகு இருக்கும். நாலஞ்சு தரம் அலசிக் காயவச்சாத்தான் அது போயி துணி வேலைக்கு வரும்.

துவைக்கிறதுலதான் பாதிப்பேரு துணிய விட்டுட்டு ஓடறது. மலம் இருந்தா மொதல்ல கக்கூசுல தட்டிடணும். அப்புறம் பச்சைத் தண்ணியில அலசணும். எடுத்தவுடனே சுடுதண்ணி ஊத்தினா கறை ஒட்டிக்கும். பச்சைத் தண்ணி அலசலுக்கு அப்புறம்தான் சுடுதண்ணி, சோப்புத்தூள். மூடி போட்ட பக்கெட்டுல ரெண்டு நாளு ஊறப் போட்டா அது டயாப்பர் இல்ல, அமோனியா குண்டு. மூத்திரத்துல இருக்கற யூரியாவக் கிருமி ஒடைக்கிற வாசனை அது, கண்ணுல தண்ணி வரும். வாசனையா இருக்கட்டும்னு துணி மெதுவாக்கற திரவத்த ஊத்தினியோ, நூலு மேல ஒரு பூச்சு படிஞ்சு உறிஞ்சறது நின்னுடும். புட்டத்துக்குத் தடவற வாசலின், ஜிங்க் களிம்புக்கும் அதே கதை. களிம்பு தடவினா நடுவுல ஒரு பழைய மல் துணி வச்சுக்கோ. பருத்தித் துணிய வாரம் ஒருக்கா கொதிக்க வை, படை கிடை வந்தவனுக்கு தெனமும் கொதிக்க வை. மேல மாட்டற ஜட்டியக் கொதிக்க வைக்காதே, இஸ்திரி போடாதே. அதுல பின்னால ஒட்டியிருக்கற பிளாஸ்டிக்குப் படலம் உரிஞ்சு, வெயில்ல காஞ்ச பாம்புச் சட்டையாட்டம் வரும்.

இதுல நம்ம ஊருத் தண்ணி ஒரு பேஜாரு. கடலோரத்துப் போர்த்தண்ணியில சோப்பு நுரைக்காது, துணி காஞ்சா அப்பளம். இங்க நெம்மேலியில 2013லேர்ந்து கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கறான், குழாயி வடக்கப் பாத்துப் போவுது. மெட்ராசுல இருக்கறவன் டயாப்பரு பஞ்சா இருக்கும், நம்மளோடது பப்படமா இருக்கும். என்னா பண்றது? கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணியோ கேன் தண்ணியோ ஒரு அரை பக்கெட்டு ஒதுக்கு. காய்ஞ்சப்புறம் கையால நல்லாக் கசக்கி ஒதறு. சோப்பு மிச்சம் நின்னாலும் உப்பு மிச்சம் நின்னாலும் இடுக்குல எரியும், அவன் உன்னைத் திட்டுவான்.

இப்ப சொல்லு, இத்தெல்லாம் யாரு துவைக்கப் போறது? ம்? போனை ஏன் தடவறே? அம்மாம் நேரமா எத்தினி அடுக்கு, என்னாக் கலருன்னு கேட்டியே, இந்தக் கேள்விய நீ கேக்கவே இல்லையே. உங்கம்மாவா? அவளுக்கு முட்டி வலி. உன் பொண்டாட்டியா? அவகிட்டக் கேட்டியா? ஊரான் வூட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு நீ பாட்டுக்கு 'சுற்றுச்சூழல்'னு பேசிட்டு ஆர்டர் போட்டுட்டு, திங்கக்கெழமை காலையில காரெடுத்துக்கினு போயிடுவே. துணி நாளைக்கு நாலு, வருசத்துக்கு எத்தினின்னு உனக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர்ல தட்டிப் பாரு. பூமியக் காப்பாத்தற புண்ணியம் உனக்கு, பக்கெட்டு அவளுக்கா?

மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எத்தினி தரம் ஆளுங்கள இட்டுக்கினு போயி செல்ஃபி எடுத்திருக்கே. யானையப் பாத்திருப்பே, கள்ளப் பூனையப் பாத்திருப்பே. அந்த வெடிப்புக்குக் கீழ, சின்னக் கோயிலுக்குப் பக்கத்துல, ஆத்துல குளிச்சுட்டு ஏறின ஆளுங்க நிக்கிறாங்க. ஒருத்தன் தோள்ல தண்ணிக் கொடம். இன்னொருத்தன் ஈரத்துணிய முறுக்கிப் பிழியறான். ஆம்பளைடா அவன். பல்லவன் காலத்துலேர்ந்து ஆயிரத்து முந்நூறு வருசமாப் பிழிஞ்சுக்கினு இருக்கான், கை வலிக்குதுன்னு சொன்னானா? 1984ல உலகச் சொத்துன்னு சொல்லிட்டாங்க. நீ ஞாயித்துக்கெழமை ஒரு பக்கெட்டு பிழிஞ்சா உன்னை யாரும் கல்லுல செதுக்க மாட்டாங்க, ஆனா உங்கம்மா சோறு போடறப்ப ஒரு மீன் துண்டு சேத்து வைப்பா. மிஷின் வாங்கிப் போடு, அதுவும் உன் காசுல. மிஷின்ல போடறதுக்கு முன்ன அலசறதுக்கு ஒரு கை வேணும், அதுவும் உன் கையா இருக்கட்டும். வேலைக்கு ஆளு வச்சு அவ தலையில கட்டலாம்னு பாக்கறியா? வைக்கலாம். அவகிட்ட முன்னாலயே இன்ன வேலைன்னு சொல்லி, அதுக்குன்னு தனியாக் கூலி பேசி, கையுறை வாங்கிக் குடுத்து வை. பழைய காலம் மாதிரி சாதியச் சொல்லி மூட்டையத் தூக்கிப் போடற யோசனை இருந்தா, இந்தத் திண்ணையிலேர்ந்து எழுந்திரு.

வூட்டுல துவைக்கிற கை இல்லன்னா துணி வாங்காதே. அவ்வளவுதான். அழுக்குத்துணி குமிஞ்சு, பூசணம் புடிச்சு, கடைசியில அப்பனுக்கு ஈரத்துணியக் கட்டறதுக்கு, தூக்கிப் போடறதே மேல்.

ரெண்டும் வேணும்னு நான் சொல்லுவேன். பகல்ல, வூட்ல, துணி. பஸ்ஸுல போறப்ப, ஆஸ்பத்திரி வரிசையில, வயித்துப்போக்குல, புயல் ராத்திரியில, கடை டயாப்பரு. இங்கிலாந்துல இத்த ஆராய்ச்சி பண்ணவங்களே 2008ல, எல்லாருக்கும் ஏத்த ஒரே டயாப்பர்னு ஒண்ணும் கிடையாது, பகலுக்கு ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணு, ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணுன்னு கலந்துதான் வச்சுக்கணும்னு சொன்னாங்க. துவைச்சுக் கட்டறது செலவு கம்மி, ஆனா பலருக்குப் புடிக்கலன்னும் சொன்னாங்க. உங்கப்பனுக்குப் புடிக்குதான்னு மொதல்ல ரெண்டே ரெண்டு வாங்கிக் கட்டிப் பாரு. பதினாறு அப்புறம்.

கடை டயாப்பரு நல்லதாப்பான்னு நீ கேப்பே. வேலையில சூரன். உள்ள ஒரு தூளு இருக்கு, சோடியம் பாலிஅக்ரிலேட்டு. மூத்திரத்த ஜவ்வரிசிக் கஞ்சியாக்கிப் புடிச்சு வச்சுக்கும். துணிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல, அதான் துணிய சட்டுனு மாத்தணும். ஆனா கட்டினது மக்காது. பின்னாடி போட்டுக் கொளுத்தாதே, பிளாஸ்டிக்கு நாத்தம் ஊரையே எழுப்பும். கக்கூசுலயும் போடாதே, ஊதிப்போயி குழாய அடைக்கும். மலத்த மட்டும் கக்கூசுல தட்டிட்டு, சுருட்டி, காகிதத்துல சுத்தி, குப்பை வாங்க வர அம்மாகிட்டத் தனியாக் குடு. அவ கையால பிரிக்கிற மாதிரி வைக்காதே. 2016 குப்பை விதியிலயே, சுத்தறதுக்கு உறை கம்பெனிக்காரனே குடுக்கணும்னு எழுதினாங்க. நீ வாங்கின பொட்டலத்துல இருந்துதா? என்னோடதுல நான் இன்னும் தேடிக்கினு இருக்கேன். 2019லேர்ந்து பிளாஸ்டிக்குப் பைக்குத் தடை, 2021ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு கூட்டம் போட்டுக் கொண்டாடினோம். கத்திரிக்காய்க்கு மஞ்சப்பை வந்துடுச்சு. மாமனாருக்கு மஞ்சப்பை வரதுக்குத்தான் எல்லாரும் மூக்கைப் பொத்தறோம்.

தோலைப் பாத்துக்கோ. மாத்தற போதெல்லாம் தண்ணியால கழுவி, தேய்க்காம ஒத்தியெடுத்து, காத்தாடக் கொஞ்ச நேரம் விடு. செவந்துதுன்னா அன்னிக்கே கவனி. படுத்திருக்கறவன ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் பக்கம் மாத்திப் போடு. நல்லா உறிஞ்சட்டும்னு நாலு துணிய அடுக்கி அடியில திணிச்சா, அந்த மேடே புண்ணு வைக்கும். 2021 ஆகஸ்ட்லேர்ந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு வூட்டுக்கே வராங்கல்ல, அந்தப் பொண்ணுகிட்ட வெக்கப்படாமக் காட்டு. அது ரத்தக்கொதிப்பு பாக்கறதோட போயிடும், நீ சொன்னாத்தான் படுக்கைப்புண்ணுக்கு நர்சை இட்டாரும்.

சரி, எழுந்திரு. நேரா வூட்டுக்குப் போயி உங்கப்பன் பக்கத்துல குந்தி, அந்த படத்த அவனுக்குக் காட்டு. எனக்கு எதுக்குக் காட்டறே? கலர் அவன் சொல்லட்டும். அளவு டேப்ப எடுத்தா உன் பரம்பரையையே திட்டுவான். அது என் பரம்பரையும்தான், திட்டட்டும், நாக்கு நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். திருக்கழுக்குன்றத்துல கொடிக்கயிறு வாங்கறப்ப கிளிப்பு ரெண்டு டஜன் சேத்து வாங்கு. ஆடிக்காத்துல என்னோடது ஒண்ணு பறந்து போயி எதுத்த வூட்டு முருங்கை மரத்துல குந்திக்கிச்சு. ஊரு சிரிக்கப் போவுதுன்னு உங்க பெரியம்மா உள்ள போயி கதவைச் சாத்திக்கினா. அந்த வூட்டு அம்மா அத்த எடுத்து, ஒதறி, நாலா மடிச்சுக் கொண்டாந்து இந்தத் திண்ணையிலதான் வச்சா. வச்சுட்டுப் போவாம நின்னா. என்னாம்மான்னேன். 'எந்த டெய்லருகிட்டத் தைச்சீங்க? எங்க மாமனாருக்கு ரெண்டு வேணும்'னா.